நான் மாற்றி அடித்த இரண்டு எண்கள்

தொண்ணூறுகளின் முதல் பாதியில் வண்ணார்பேட்டையில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். மாடியில் ஒரே அறை. இங்கிலீஷ் மெஷின் இரண்டு, தமிழ் மெஷின் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரனும் புழுதியும் சேர்ந்து உள்ளே வரும். மூடினால் புழுங்கும். அதனால் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திசையன்விளைப் பக்கத்துக்காரர். அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆனால் அடித்த தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தே, ஓரம் ஒரு எழுத்து தள்ளியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. டைப்பிங் பரீட்சையில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் பாஸ். காலையில் நெல்லையப்பர் கோயில் பக்கம் இருக்கும் டவுனிலிருந்து பஸ் ஏறி வருவேன். மனுக்கள், பத்திர நகல்கள், கல்லூரிக்காரர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் என்று நாள் போகும். கார்பன் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு தாளுக்கு நடுவே வைக்கும் கறுப்புத் தாள் ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த சார் ஒருவர் தம் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோது, தலைப்பிலேயே கார்பன் என்று இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நாற்பது வயதைத் தாண்டியவர். வகுப்பு எடுத்துக்கொண்டே பல வருடமாக ஆராய்ச்சியும் செய்துவந்தார். லீவு விட்டால் பாபநாசத்துக்கு மேலே மலையேறிவிடுவார்.

அவருடைய ஆராய்ச்சியை இன்று என்னால் நாலு வரியில் சொல்ல முடியும். காடு தன் மரத்திலும் மண்ணிலும் கார்பனைச் சேர்த்து வைக்கிறது. எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பது அந்த இடத்தில் முன்பு மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதைப் பார்க்க அவர் மூன்று இடங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, யாரும் கைவைக்காத காடு. இரண்டாவது, வெகுகாலத்துக்கு முன்பு கரிக்கும் விறகுக்கும் வெட்டிவிட்டுப் பிறகு அப்படியே விட்ட காடு. மூன்றாவது, மரத்தை வெட்டி, வேரையும் தோண்டியெடுத்து, காப்பித் தோட்டம் போட்டு, கட்டுபடியாகாமல் கைவிட்ட இடம். அங்கேயும் மரங்கள் திரும்ப வளர்ந்துவிட்டன. இரண்டாவதும் மூன்றாவதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்குமாம். மண்ணை அள்ளிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. வெட்டாத காடு, வெட்டிய காடு, தோண்டிய காடு என்ற மூன்று பெயர்கள் மட்டும் மனதில் நின்றன. மற்றபடி இங்கிலீஷ் கண் வழியாக வந்து விரல் வழியாகப் போய்விடும்.

சாரின் கையெழுத்து மோசம். கவனம் அதைவிட மோசம். ஒரே மரத்தின் பெயரை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதுவார். கூட்டுத்தொகை தப்பாக இருக்கும். நான் சரிசெய்து அடித்துவிட்டு, பென்சிலில் குறித்துக் காட்டுவேன். "நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோம்மா" என்பார். ஒருமுறை அண்ணாச்சியிடம், "இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பட்டம் குடுக்கணும்" என்றார். அது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காம் அத்தியாயம் வந்த வாரம் இரண்டு நெருக்கடிகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராதாபுரம். மறுநாளிலிருந்து ஒரு வாரம் நான் லீவு. அன்று மாலைக்குள் அட்டவணைகளை முடித்தாக வேண்டும். விளக்கங்கள் வரும் ஐந்தாம் அத்தியாயத்தை என்னோடு வேலை பார்த்த இன்னொரு பெண் அடிப்பதாக ஏற்பாடு.

மண்ணில் உள்ள கார்பனைச் சொல்லும் அட்டவணையில் கை வைத்தபோது ஓரிடத்தில் கண் நின்றது. வெட்டாத காட்டுக்கு நேரே ஒரு எண். வெட்டிய காட்டுக்கு நேரே அதைவிடப் பெரிய எண். தோண்டிய காட்டுக்கு எல்லாவற்றிலும் சிறியது. இது எப்படி இருக்க முடியும்? மரம் வெட்டிய இடத்தில் வெட்டாத இடத்தைவிடக் கூடுதலாக இருக்குமா? சார் வழக்கம்போல அவசரத்தில் வரி மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். இரண்டு எண்களையும் இடம் மாற்றி அடித்தேன். பெரியது, நடுத்தரம், சிறியது என்று வரிசை அழகாக வந்துவிட்டது. அதைப் பென்சிலில் குறிக்கக்கூட எனக்கு நேரமில்லை. பூக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது, தையற்காரரிடம் ஜாக்கெட் வாங்க வேண்டியிருந்தது. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்தபோது ஆய்வேடு ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு செய்து, பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தது. சார் லாலா கடை அல்வா வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். சாப்பிட்டேன். அந்த அட்டவணையை நான் அதன் பிறகு நினைக்கவே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து சார் மறுபடி வந்தார். மெலிந்திருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று என்றும், அதற்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டும் என்றும் சொல்லிக் கையெழுத்துத் தாளைக் கொடுத்தார்.

"ஒடம்பு சரியில்லையா சார்?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் வேலை." அவ்வளவுதான் சொன்னார். எப்போதும் நின்று பேசுகிறவர், படியிறங்கிப் போய்விட்டார்.

தமிழ் மெஷினில் அடிக்கத் தொடங்கினேன். தமிழ் என்பதால் படிக்காமல் அடிக்க முடியவில்லை. முதன்முறையாக அந்த மூன்று காடுகளும் எனக்குப் புரிய ஆரம்பித்தன. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: வெட்டப்படாத காட்டு மண்ணைவிட வெட்டப்பட்ட காட்டு மண்ணில் கார்பன் அதிகமாகக் காணப்படுவதற்கு, அங்கே முன்பு போட்ட கரிமூட்டங்களே காரணம்.

கை நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். வெளியே பஸ் சத்தம் கேட்கவில்லை.

கையெழுத்துப் பிரதிகளைக் கட்டாகக் கட்டிப் பரணில் போட்டு வைப்பது எங்கள் கடை வழக்கம். ஸ்டூலில் ஏறி அந்தக் கட்டை எடுத்தேன். நான்காம் அத்தியாயம். அந்த அட்டவணை. சாரின் கோணல் எழுத்தில் பெரிய எண் வெட்டிய காட்டுக்கு நேரேதான் இருந்தது. அடித்தல் திருத்தல் ஏதும் இல்லை.

அண்ணாச்சி பார்த்துவிட்டார். "என்னம்மா, பரண்ல என்ன தேடுத?"

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கி, வழக்கம்போலத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூட்டம் போட்ட மண்ணு கருப்பாத்தானம்மா இருக்கும். எங்க ஊர்ல உடை மரத்த வெட்டி அடுக்கி, மண்ணப் போட்டு மூடி எரிச்சு மூட்டம் போடுவாங்க. அங்கன இன்னைக்குத் தோண்டுனாலும் கரித்துண்டு கெடைக்கும். என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"தப்புதான் அண்ணாச்சி."

தாளை மேஜையில் வைத்தார். பிறகு, "இதக் கட்டி மேல போட்டுட்டா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அவரே தொடர்ந்தார். "ஆனா சார்வாள் பரீட்சைக்குப் போயி நாலு பேரு முன்னால முழிச்சா நல்லாவா இருக்கும்? போ. இந்தத் தாளயும் கொண்டு போ. கடைய விட்டு அனுப்பிருவேனோன்னு பயந்துக்கிட்டு இருக்காத. அதெல்லாம் இல்ல."

அந்த ஒரு பயம் போனது. மற்றது போகவில்லை.

மதியமே பாளையங்கோட்டைக்குப் போனேன். தாவரவியல் லேபின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. தரை முழுக்கச் சின்னச் சின்னத் துணிப் பைகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு. சார் தரையில் உட்கார்ந்து சீட்டுகளை ஒரு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி. பள்ளிக்கூட டீச்சர். மடியில் டிபன் கேரியர் திறக்காமல் இருந்தது. அன்று அவர்களுக்கு லீவு போலிருக்கிறது.

"உள்ள வாம்மா" என்றார்கள் டீச்சர். "நீயாவது சொல்லு. மூணு நாளாச் சரியாச் சாப்பிடல, தூங்கல. இந்த மண்ணையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

என்ன விஷயம் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. சார் தாமாகவே சொன்னார், நிமிராமல். ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒருவர் எழுதியிருக்கிறாராம்: அட்டவணை ஒன்று சொல்கிறது, விளக்கம் நேர்மாறாகச் சொல்கிறது, வாய்மொழித் தேர்வில் இதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

"என் லேப் நோட்டுல வெட்டுன காட்டுக்குத்தான் ஜாஸ்தின்னு இருக்கு. ஆனா அட்டவணையில மாத்தியில்லா போட்டிருக்கேன். ஏன் மாத்துனேன்னு ஞாபகம் வரல. ஒரு நாள் மலையில மழை புடிச்சு பையெல்லாம் நனைஞ்சு போச்சு. சீட்டப் புதுசா எழுதிக் கட்டுனேன். அப்பம் ரெண்டு காட்டுப் பையும் மாறியிருக்கும், அட்டவணை போடும்போது அதக் கண்டுபிடிச்சுத் திருத்தியிருப்பேன்னு தோணுது. அப்படின்னா என் விளக்கம் அத்தனையும் தப்பு. ஏழு வருசம்மா."

"நீங்க மாத்தல சார்" என்றேன். "நான் மாத்துனேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தாளை நீட்டினேன். அக்கா கல்யாணம், அவசரம் எல்லாம் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்ததால் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "நீங்க வரி மாத்தி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன் சார். வெட்டாத காட்டுலதான கூட இருக்கணும்னு."

சார் தாளை வாங்கி, லேப் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒரு எண்ணைத் தொட்டார். பிறகு இன்னொன்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். மூடிய கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"அப்பம் பை மாறல" என்றார். யாரிடமும் இல்லை, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். "மண்ணு சரியாத்தான் இருக்கு."

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாம்மா" என்றார்கள். அண்ணாச்சி சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இங்கே மூன்று நாள் சாப்பிடாத மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தரையைத் தவிர எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"விடு" என்றார் சார் மனைவியிடம். "சரிபார்க்க வேண்டியது யாரு? நாந்தான. எழுத்துப் பிழைய மட்டும் பாத்துட்டு அட்டவணைய அப்படியே விட்டது என் தப்பு. இவ வந்து சொல்லலன்னா நான் சரியா செஞ்ச வேலைய, தப்பு தப்புன்னு நானே ஒத்துக்கிட்டு வந்திருப்பேன்." பிறகு சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "ஏட்டி, அந்தக் கேரியரத் தொற. பசிக்கு."

டீச்சர் திறந்தார்கள். புளிசாதமும் துவையலும். அவர் தரையில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். எனக்கும் மூடியில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சாப்பிடு, முகம் வெளுத்துப் போயிருக்கு" என்றார்கள் டீச்சர். குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. ஆனாலும் கூட ஒரு கரண்டி வைத்தார்கள்.

கை கழுவிவிட்டு சார் மூன்று பைகளை எடுத்துத் தனித்தனித் தாளில் கொட்டிக் காட்டினார். வெட்டாத காட்டு மண் கரும்பழுப்பாக, இலை மக்கிய பொதபொதப்போடு இருந்தது. தோண்டிய காட்டு மண் செம்மண் போல வெளிறி, கட்டியாக இருந்தது. கொத்திக் கொத்திச் செடி வைத்ததில் மேல்மண் சரிவில் மழையோடு போய்விட்டது, மேலே மரம் வளர்ந்துவிட்டாலும் அடியில் இன்னும் தேறவில்லை என்றார். இரண்டாவது இடத்தில் மரத்தை வெட்டினார்களே தவிர மண்ணைக் கிளறவில்லை. மூட்டம் போட்டு முடித்ததும் போய்விட்டார்கள். அந்த மண்ணைக் கையில் எடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். சின்னச் சின்னக் கரித்துண்டுகள் நொறுங்கி விரல் கறுத்துவிட்டது.

"கார்பன் பேப்பர் மாதிரி ஒட்டுது சார்."

"ரெண்டும் கரிதான்ம்மா. இது அவ்வளவு சீக்கிரம் மக்காது. வெட்டுனவன் செத்துப் போயிட்டான், அவன் பேரு கூட ஒருத்தருக்கும் தெரியாது. அவன் போட்ட கரி இங்கன அப்படியே கெடக்கு."

மண் எடுப்பதற்காக அவர் அளந்து போட்ட கட்டங்களில் பல, தெரியாமலே பழைய மூட்டத் திட்டுகளில் அமைந்துவிட்டன. எண் கூடியதற்குக் காரணம் அதுதான். முதலில் அவரே நம்பவில்லையாம். மூன்று முறை மலையேறித் தோண்டிப் பார்த்த பிறகுதான் எழுதினாராம். மூன்று முறை மலையேறி அவர் உறுதி செய்ததை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நொடியில் திருத்தியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாளும் அலைச்சல். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரிடம் கையெழுத்துத் தாளையும் லேப் நோட்டையும் காட்டினோம். பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து, எல்லாப் பிரதிகளிலும் ஒட்டுவதற்குப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்தது. சீட்டை நான்தான் அடித்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. இரண்டே எண்கள். அடித்துவிட்டு ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று கையெழுத்துத் தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். "சரியா இருக்கு. கையெழுத்துப் போட்டுரலாம் போலயே" என்றார்.

வாய்மொழித் தேர்வு கல்லூரியிலேயே நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் சார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். கடைசி வரிசையில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடங்கும் முன்பு டீச்சர் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நானும் நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர், மெதுவாகப் பேசினார். முதல் கேள்வியே அந்தச் சீட்டைப் பற்றித்தான். பிழை எப்படி நேர்ந்தது என்று கேட்டார். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "அச்சுப்படியை நான் சரியாக ஒப்பிடவில்லை. தவறு என்னுடையது" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார்.

தேர்வாளர் தலையசைத்தார். "அட்டவணையைப் படித்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நான் எதிர்பார்த்ததுதான் அதில் இருந்தது. உங்கள் விளக்கத்தைத்தான் தப்பு என்று நினைத்தேன்" என்றார். இவ்வளவு படித்தவருக்கும் என்னைப் போலவேதான் தோன்றியிருக்கிறது. அதைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தது.

அடுத்து அவர் கேட்டது கடினமான கேள்வி. அப்படியானால் காட்டை வெட்டிக் கரி போடுவது நல்லது என்கிறீர்களா?

சார் நிதானமாகப் பதில் சொன்னார். மண்ணில் தங்கியது மிச்சம் மட்டுமே. பெரும்பகுதி மூட்டையில் ஏறி ஊருக்குப் போய் அடுப்பில் எரிந்துவிட்டது. மரத்தையும் மண்ணையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டாத காடுதான் முன்னால் நிற்கிறது, வெட்டிய காட்டின் மரங்கள் இன்னும் அதை எட்டவில்லை. ஆகவே ஒரு காட்டை இன்றைக்கு இருக்கிற மாதிரி மட்டும் பார்த்து அளந்தால் போதாது, அங்கே முன்பு என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் தடுமாற்றமே இல்லை.

அரைமணி நேரம் எங்களை வெளியே நிற்கவைத்தார்கள். பிறகு கூப்பிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். கைதட்டினார்கள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், வலிக்கும் அளவுக்கு. "போதும்மா, போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

வெளியே வேப்பமர நிழலில் டீயும் வடையும் கொடுத்தார்கள். சார் ஒரு தட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "அடுத்த மாசம் இத ஒரு கட்டுரையாச் சுருக்கணும்மா. நீதான் அடிக்கணும்."

"சார், நானா?"

"வேற யாரு? இனி உன்ன மாதிரி பயந்து பயந்து அடிக்கிற ஆளு எனக்குக் கெடைக்குமா?"

டீச்சர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல நாள் கழித்துச் சிரித்தது.

மாலையில் டவுனுக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சீட்டு வாங்கினது ஞாபகம் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் கூட்டம் ஏறியதும் ஞாபகம் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். ஜங்ஷன் வந்ததோ டவுன் வந்ததோ எனக்குத் தெரியாது.

யாரோ கம்பியைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் பஸ் காலியாக நிற்கிறது. கண்டக்டர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, டவுனுக்குல்லா சீட்டு வாங்குன? டவுனத் தாண்டிப் பேட்டையே வந்துட்டு. ரெண்டு தடவ கூப்பிட்டேன், அப்படி ஒரு தூக்கம் தூங்குத."

"தெரியாமத் தூங்கிட்டேன் அண்ணே."

"சரி, பதறாமப் பைய உக்காந்திரு. இதே வண்டிதான் திரும்பப் போவுது. எறக்கி விடுதேன்."

அவர் டீ குடிக்க இறங்கிப் போனார். நான் அதே ஜன்னலோரத்தில் சாய்ந்து, பஸ் கிளம்பும்வரை இன்னும் கொஞ்சம் தூங்கினேன்.